தோலை வீசி எறியாதீர்கள்

கழக்கூட்டம் திருவனந்தபுரம் நகரத்தின் வடக்குப் பக்கம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 66 இந்த ஊர் வழியாகப் போகிறது. கோடை வந்தால் சாலை ஓரத்தில் தர்பூசணி குவிந்துவிடும். மலையாளத்தில் அதற்குத் தண்ணிமத்தன் என்று பெயர். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பழத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயிலில் வேலை செய்து வருகிறவர்களுக்கு ஒரு துண்டு கிடைத்தால் போதும். களைப்புத் தீரும்.

சிவப்புச் சதையை எல்லோரும் தின்கிறார்கள். தோலை என்ன செய்கிறார்கள்? சிலர் மாட்டுக்குப் போடுகிறார்கள். பலர் குப்பையில் எறிகிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பழம் 6 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ 20 ரூபாய் என்றால் பழத்தின் விலை 120 ரூபாய். பழத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோல். அதாவது 2 கிலோ. கடைக்காரர் தோலையும் சேர்த்துத்தான் நிறுக்கிறார். ஆகவே 40 ரூபாய் கொடுத்து வாங்கியது குப்பைக்குப் போகிறது.

தோலில் என்ன இருக்கிறது?

மேலே இருப்பது கெட்டியான பச்சைத் தோல். அதற்கும் சிவப்புச் சதைக்கும் நடுவில் வெள்ளைப் பகுதி இருக்கிறது. தர்பூசணியும் வெள்ளரியும் பூசணியும் ஒரே குடும்பம். பூசணிக்காயைப் போல வெள்ளைப் பகுதியையும் சமைக்கலாம். கூட்டு வைக்கலாம். மங்களூர்ப் பக்கம் அதை அரிசியோடு அரைத்துத் தோசை சுடுகிறார்கள். ஆக்ராவில் பூசணிக்காயைச் சீனிப் பாகில் போட்டுப் பேட்டா என்ற இனிப்புச் செய்கிறார்கள். பேக்கரி பன்னில் சிவப்பும் பச்சையுமாகச் சிறு துண்டுகள் இருக்கும். அவை பெரும்பாலும் பப்பாளிக் காயில் செய்தவை. தர்பூசணித் தோலிலும் அப்படியே செய்யலாம்.

பாகில் போட்டால் ஏன் கெடுவதில்லை?

கேரளத்து வீடுகளில் பலாச்சுளையை வெல்லம் சேர்த்துக் கிண்டிச் சக்கை வரட்டி செய்கிறார்கள். மாங்காயை உப்பில் போட்டு வைக்கிறார்கள். மீனுக்கு உப்பிட்டுக் கருவாடு ஆக்குகிறார்கள். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே அறிவுதான். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். உப்போ சீனியோ நிறைய இருந்தால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது. 100 கிராம் பாகில் 65 முதல் 70 கிராம் வரை சீனி இருக்க வேண்டும். சிக்கனம் பார்த்துச் சீனியைக் குறைத்தால் பாகு புளிக்கும், பூசணம் பிடிக்கும். அளவுதான் காவல்.

தேவையான பொருள்கள்

பச்சைத் தோல் சீவிய வெள்ளைத் துண்டுகள் 1 கிலோ. சீனி 1 கிலோ. தண்ணீர் முக்கால் லிட்டர். எலுமிச்சம்பழம் 1. ஏலக்காய் 4. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 1 தேக்கரண்டி.

செய்யும் முறை

1. முழுப் பழத்தை வெட்டுவதற்கு முன்பே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சதையைக் கத்தியால் எடுத்துவிடுங்கள். கடித்துத் தின்று போட்ட தோல் இதற்கு ஆகாது.

2. பச்சைத் தோலைச் சீவுங்கள். சிவப்புச் சதை ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். வெள்ளைப் பகுதியை விரல் நுனி அளவுக்குத் துண்டு போடுங்கள்.

3. சுண்ணாம்பை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் படிந்த பிறகு மேலே உள்ள தெளிவை மட்டும் எடுங்கள். துண்டுகளை அதில் 2 மணி நேரம் ஊற வையுங்கள். துண்டுகள் குழையாமல் உறுதியாக இருக்கும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைத் தொடவே கூடாது.

4. துண்டுகளை நல்ல தண்ணீரில் 4 முறை அலசுங்கள். பிறகு வேறு தண்ணீரில் 15 நிமிடம் வேக வைத்து வடியுங்கள். ஊசி குத்தினால் எளிதாக இறங்க வேண்டும்.

5. முதல் நாள்: அரைக் கிலோ சீனியை முக்கால் லிட்டர் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். துண்டுகளைப் போட்டு 10 நிமிடம் கொதித்ததும் இறக்கி மூடி வையுங்கள்.

6. இரண்டாம் நாள்: துண்டுகளைத் தனியே எடுங்கள். பாகில் கால் கிலோ சீனி சேர்த்துக் கொதிக்க விடுங்கள். துண்டுகளைத் திரும்பப் போட்டு 10 நிமிடம் கழித்து இறக்குங்கள்.

7. மூன்றாம் நாள்: மீதிக் கால் கிலோ சீனியும் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். துண்டுகளோடு சேர்த்து ஒரு கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சுங்கள். ஏலக்காய்ப் பொடி தூவுங்கள். துண்டுகள் கண்ணாடி போல இருக்கும்.

ஏன் மூன்று நாள்? சீனி முழுவதையும் ஒரே நாளில் போட்டால், துண்டில் உள்ள தண்ணீர் வேகமாக வெளியேறும். துண்டு சுருங்கித் தோல் போல ஆகிவிடும். மெதுவாகச் சேர்த்தால் பாகு உள்ளே இறங்கும்.

அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சுண்ணாம்பும் புளிப்பும் அதை அரிக்கும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது.

கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஈரம் போகக் காய வையுங்கள். பாகை அதில் ஊற்றுங்கள். துண்டுகள் பாகுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். ஈரக் கரண்டி போடாதீர்கள். குளிர்ப்பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். பூசணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுத் தின்னக் கூடாது. முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

இது இனிப்பு. ஒரு நாளைக்கு ஓரிரு துண்டு போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாகைத் தவிர்த்து, வெள்ளைப் பகுதியைக் கூட்டாகச் சாப்பிடலாம்.

எழுத்தும் அளவும்

இந்தப் பக்குவம் புதியது அல்ல. 1796ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். தர்பூசணித் தோலைச் சீனியில் காய்ச்சும் முறை அதிலும் இருக்கிறது. அவர் அநாதையாக வளர்ந்தவர். புத்தகத்தை அச்சுக்குத் தயாரிக்கும் அளவுக்கு அவருக்குப் படிப்பு இல்லை. வேறொருவரை வைத்து எழுதினார். எழுதியவர் சிலவற்றை விட்டுவிட்டார். அளவுகளும் தவறாக அச்சாயின. ஓர் இனிப்புக்கு 8 முட்டை என்பது 14 முட்டை என்று வந்துவிட்டது. கடைசியில் புத்தகத்தோடு பிழை திருத்தம் சேர்க்க வேண்டியதாயிற்று. சமையல் அவர் கையில் இருந்தது. எழுத்து பிறர் கையில் இருந்தது.

கேரளத்தில் வேறொரு பெண்ணின் கதை உண்டு. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பைச் செய்தவர் சேலக்கோடன் ஆயிஷா. முதுமையில் எழுத்துக் கற்றவர் அவர்.

தாய்மார்களே! நீங்கள் கற்ற எழுத்து இங்கேயும் உதவும். ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ தோல், எத்தனை கிலோ சீனி, அடுப்புச் செலவு எவ்வளவு என்று எழுதுங்கள். சீனிக்குப் பணம் செலவாகும். அதை மறைத்து லாபம் பார்க்க வேண்டாம். பாட்டிலில் ஒரு தாள் ஒட்டுங்கள். பொருளின் பெயரையும் செய்த தேதியையும் எழுதுங்கள். விற்பதாக இருந்தால், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் பதிவு செய்யுங்கள்.

அடுத்த முறை பழம் வெட்டும்போது தோலை ஒரு பாத்திரத்தில் எடுத்து வையுங்கள். முதலில் கால் கிலோ மட்டும் செய்து பாருங்கள். அளவை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துச் செய்வார்கள்.