வெள்ளமும் எம் மாணவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மட்டக்களப்பு வாவிக்கரையிலே பிறந்து வளர்ந்த எமக்கு வெள்ளம் புதியதொன்றன்று. வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகின்றது. மேற்கேயுள்ள ஆறுகளும் குளங்களும் தம் நீரைப் படுவான்கரை வயல்களினூடாக வாவியிலே கொண்டுவந்து சேர்க்கின்றன. வாவி கடலோடு கலக்கும் வழியோ மிகக் குறுகியது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்தால், அதனை வெட்டிவிடும்வரை நீர் எம் வளவுகளிலேயே தங்கும். இவையெல்லாம் நாம் அறிந்தவையே. அறிந்தவர்கள் என்ற அந்த நினைப்பே எமக்கு ஆபத்தாக முடிகின்றது என்பதைச் சொல்லத்தான் இங்கு வந்தோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி, எமக்குத் தெற்கே காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியிலே, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. மாணவர்கள் உயிரிழந்தனர். அதே வாரத்தில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் மழையினால் இடைநிறுத்தப்பட்டது. பரீட்சையைப் பின்னர் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் நடந்ததைப் பற்றி நாம் என்ன சொல்ல இருக்கின்றது? யார்மீது பிழை என்று நீதி கூறவும் நாம் வரவில்லை. அந்த வீதியைப்போல வெள்ளகாலத்திலே நீர் குறுக்கறுக்கும் வீதிகள் எம் பகுதியிலும் உள. எம் பிள்ளைகளும் அவற்றைக் கடந்தே பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போகின்றனர்.

நின்ற நீர் வேறு, ஓடும் நீர் வேறு. கணுக்காலுக்குச் சற்று மேலாக விரைந்தோடும் நீரே வளர்ந்த ஆளொருவரின் காலை வாரிவிட வல்லது. இரண்டடி நீர் பெரும்பாலான வாகனங்களை மிதக்கச் செய்துவிடும். கலங்கிய நீரின் கீழே வீதியின் ஓரம் அரிக்கப்பட்டிருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது. “எனக்கு நீந்தத் தெரியும்” என்று நெஞ்சை நிமிர்த்தும் தம்பிமாருக்கு இதனை ஒருமுறை சொன்னாற் போதாது.

இன்னொன்று: மழை விட்டது, வானம் வெளித்தது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு முகாமிலிருந்து வீடு திரும்புவோர் பலர். மேற்கே பெய்த மழையால் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டால், வெயில் எறிக்கும் வேளையிலும் நீர் ஏறும். வான்கதவு திறக்கும் அறிவித்தலின் பொருளை எட்டாம் வகுப்புப் பிள்ளை அறிந்திருந்தால், அது வீட்டிலுள்ளோரை எழுப்பிவிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அப்பிள்ளை மனனஞ் செய்திருக்கவேண்டும்.

எம் மாணவர் புவியியற் பாடத்திலே சீனதேசத்து ஆறுகளின் வெள்ளத்தைத் தடங்கலின்றி ஒப்புவிக்கின்றனர். 2011ஆம் ஆண்டு ஜனவரியிலே தம் வீட்டு வாசலில் நீர் எந்தப் படிவரை ஏறியது என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். அவர்களை நோவதில் நியாயமில்லை. அவர்களிற் பலர் அன்று பிறந்திருக்கவுமில்லை. 1957ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தைக் கண்டவர்களோ எழுபதைக் கடந்துவிட்டனர். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி இரவுச் சூறாவளியைத் தாங்கியவர்கள் இச்சபையிலே இருக்கின்றீர்கள். பெரியோர்கள் மன்னிக்கவேண்டும்: “இதைவிடப் பெரிய வெள்ளம் கண்டோம்” என்று சொல்லித் திண்ணையை விட்டு அசையாதிருப்பவர்களும் நீங்களே. அந்தப் பேச்சைக் கேட்டே பிள்ளைகளும் அசட்டையாகின்றனர். கண்டதை அவர்களுக்குக் கணக்காகச் சொல்லுங்கள்: நீர் எத்தனை மணிக்கு வந்தது, எந்த ஒழுங்கையால் முதலில் புகுந்தது, எந்த மேட்டில் ஏறித் தப்பினீர்கள்.

ஆகவே சங்கம் ஓர் ஏற்பாடு செய்திருக்கின்றது. ஐப்பசி மாதத்து முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாணவரும் நாமும் சங்க மண்டபத்திலிருந்து புறப்பட்டு, பழைய வீடுகளிலே வெள்ளம் நின்ற மட்டத்தைக் கேட்டு, அளந்து, பாடசாலைச் சுவரிலே ஆண்டோடு கோடிடுவோம். நீர் குறுக்கறுக்கும் வீதிகளையும் ஒரு படத்திலே வரைவோம். மாணவர் கொப்பியும் அளவு நாடாவும் கொண்டுவரவேண்டும். வர்ணமும் தூரிகையும் எம்முடையவை. முதலிற் செல்வது வாவியோரத்து மூதாட்டி ஒருவர் வீட்டுக்கு. 1957இலே அவர் சிறுபிள்ளை. சொல்லி அனுப்பியாயிற்று, காலைத் தேநீரோடு காத்திருப்பதாக மறுமொழியும் வந்துவிட்டது.