கடலூரா, சிதம்பரமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளையைக் கடலூரிலேயே ஒரு கலைக் கல்லூரியில் சேர்த்துவிடலாமா, இல்லை சிதம்பரத்துக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா? தாய்மாமன் ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொல்வார், ஏற்கெனவே படித்து முடித்த சித்தப்பா மகன் இரண்டும் வேண்டாம் என்பான். இந்த முடிவை எப்படி எடுப்பது என்பது பற்றி இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் கண்முன் இருப்பவை என்னென்ன? கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1964-இல் தொடங்கியது. அதன் வாசலிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கடலூர் நகரத்திலேயே தூய வளனார் கலை அறிவியல் கல்லூரி 1991-இல் வந்தது. சிதம்பரத்தை ஒட்டி சி.முட்லூரில் ஓர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று மூன்றாண்டுப் படிப்புகள். சிதம்பரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில் உள்ள பல்கலைக்கழகத்திலோ, பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்து முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகள் இருக்கின்றன. பொறியியல், வேளாண்மை, இசை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கின்றன. கடலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

பெரிய இடத்தின் பெயர் இருந்தால் நல்லது என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பெயர் விஷயத்தில் ஒரு மாற்றம் நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கடலூர்க் கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பிறகு வேலூரிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. 2021-இல் அரசு எடுத்த முடிவின்படி கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அதுவரை வெளிக் கல்லூரிகளைத் தன்னோடு இணைத்துக்கொள்ளாமல் இருந்த பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு அவற்றுக்கும் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. ஆகவே தேவனாம்பட்டினத்தில் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கும் பிள்ளையின் சான்றிதழிலும் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றுதான் அச்சாகிறது. பெயருக்காகச் சிதம்பரம் போக வேண்டிய தேவை இல்லை. அப்படியானால் எதற்காகப் போவது, எதற்காக இங்கேயே இருப்பது? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

பெரிய இடம், சிறிய இடம் என்று பிரிக்கும் முன் ஒன்றை நினைவில் வைக்கலாம்: அண்ணாமலைப் பல்கலைக்கழகமே ஒரு கல்லூரியிலிருந்து வளர்ந்ததுதான். செட்டிநாட்டுப் பெருவணிகர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதைச் சுற்றித் தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்தத் தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். இந்தக் கல்லூரிகளையும் அவற்றின் சொத்துகளையும், அவற்றோடு 20 லட்சம் ரூபாயையும் செட்டியார் கொடுக்க முன்வந்தார். அதன்பேரில் சட்டம் இயற்றப்பட்டு, 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. சட்டத்துக்கும் கட்டடத்துக்கும் முன்னால் அங்கே ஆசிரியர்கள் இருந்தார்கள், மாணவர்கள் இருந்தார்கள். கல்வி அந்த வரிசையில்தான் வளரும்.

சிறிய கல்லூரி என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், தத்துவம் எல்லாவற்றையும் ஒரே மாணவனுக்குக் கற்பித்த சிறிய இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் அந்த வட்டுக்கோட்டை மண்ணில் படித்தவர்கள். அவர்களில் ஒருவரான சி.வை.தாமோதரம்பிள்ளைதான் பின்னாளில் கலித்தொகையைப் பதிப்பித்தார். அமெரிக்காவில் வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் இன்றும் இரண்டாயிரம் மாணவர் அளவில்தான் இருக்கின்றன. முதல் பட்டத்தை நன்றாகச் சொல்லிக் கொடுப்பதே தங்கள் வேலை என்று வைத்திருக்கின்றன. நம் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அந்த மரபில் வந்ததுதான்.

நம் ஊர்க் கலைக் கல்லூரிகளிலும் அந்த மரபின் சாயல் இருக்கிறது. பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் பிள்ளை வேதியியல் மட்டுமா படிக்கிறது? பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம், துணைப்பாடமாகக் கணிதமோ இயற்பியலோ, அவற்றோடு சுற்றுச்சூழல் படிப்பு, பிறகு என்.எஸ்.எஸ். அல்லது என்.சி.சி. இவற்றையெல்லாம் பாஸ் செய்தால் போதும் என்று ஒதுக்கிவிடுகிறோம். 'மேஜரில் மார்க் வாங்கினால் சரி, அலைடு எப்படியோ போகட்டும்' என்கிறோம். அது பெரிய நஷ்டம். எம்.எஸ்சி.க்குப் போகும்போது கணிதம் தெரியாமல் திணறும் பிள்ளைகள் பலரும் துணைப்பாடத்தைக் கடைசி இரவில் மனப்பாடம் செய்தவர்கள். நேர்முகத் தேர்வில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராதவர்கள், பகுதி இரண்டைக் கைடு வைத்து முடித்தவர்கள். சிறிய கல்லூரியில் சேர்வது என்று முடிவெடுத்தால் இந்த அகலத்தை முழுசாக வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியர் என்று நான் சொல்வதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நம் கல்லூரிகளில் நூறு மதிப்பெண்ணில் பெரும்பாலும் 25 அகமதிப்பீடு, 75 பருவத் தேர்வு. அந்த 25-க்கான தேர்வுத் தாள் திரும்பி வரும்போது அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மொத்தமாக ஒரு எண்ணும் கையெழுத்தும் மட்டும் இருந்தால் அந்தத் தேர்வு நடந்ததும் நடக்காததும் ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில், 'இந்தச் சமன்பாட்டில் அலகு எங்கே?', 'இந்த வாக்கியம் முடியவில்லை', 'துறைக்கு வந்து பார்' என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளையின் மூளையோடு ஒருவர் பேசியிருக்கிறார் என்று பொருள். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிவப்பு மை கிடைத்தே ஆக வேண்டும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதபோது, 'ஏம்மா, மூன்று நாளாக ஆளைக் காணோம்?' என்று கேட்க ஒரு மேடமோ சாரோ இருந்தால்தான் படிப்பு நிற்கும். பெயரைத் தெரிந்து வைத்திருக்கும் ஆசிரியர் கிடைப்பது சிறிய இடத்தில் எளிது.

எளிது என்றுதான் சொன்னேன். அரசுக் கல்லூரி பலவற்றில் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. ஒரு வகுப்பில் அறுபது பேருக்கும் மேல் உட்காருகிறார்கள். நிரந்தர ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் முழுப் பாரத்தையும் சுமக்கிறார்கள். அந்த இடங்களை நிரப்பச் சொல்லிப் பெற்றோரும் மாணவரும் குரல் கொடுக்க வேண்டும். அதே நேரம், பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய துறையில் இருபது பேர் மட்டும் படிக்கும் வகுப்பும் இருக்கலாம். அளவு என்பதை வளாகத்தின் பரப்பால் அளக்காமல், வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை பேர் என்று பார்த்து அளக்க வேண்டும்.

சரி, பல்கலைக்கழகத்தால் மட்டும் கொடுக்க முடிந்தது எது? பரங்கிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், ஆற்றங்கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஏற்றத்திலும் வற்றத்திலும் தண்ணீரின் உப்பு எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தில் இறாலும் நண்டும் எப்படிப் பிழைக்கின்றன என்பதை அங்கே புத்தகத்தில் மட்டும் படிப்பதில்லை. தண்ணீரை மொண்டெடுத்து அளந்து படிக்கிறார்கள். பக்கத்தில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. தேவனாம்பட்டினத்திலோ சோனங்குப்பத்திலோ பிறந்து, அப்பா கொண்டுவரும் வலையில் என்ன மீன் என்று சிறு வயதிலேயே சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த அறிவை விஞ்ஞானமாக மாற்றித் தரக்கூடிய இடம் இது. இந்தியா முழுவதிலிருந்தும் மாணவர்கள் தேடி வரும் இடம் நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பது பெரும் வாய்ப்பு. இப்படியே நிலவியல், மொழியியல், வேளாண்மை, இசை. பெரிய நூலகமும், ஆராய்ச்சிக் கருவிகளும், பக்கத்து விடுதி அறையில் வேறொரு துறை படிக்கும் நண்பனும் பெரிய இடத்தில்தான் கிடைப்பார்கள்.

ஆகவே நான் சொல்ல வந்தது இது. எந்தத் துறை என்று தெளிவாகத் தெரிந்துவிட்ட பிள்ளை, அந்தத் துறை பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால், தயங்காமல் சிதம்பரத்துக்குப் போகலாம். ஐந்தாண்டுப் படிப்பு அவர்களுக்காகத்தான். இன்னும் தெளிவு வராத பிள்ளைக்கு (பதினேழு வயதில் தெளிவு வராமல் இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை) முதல் மூன்று வருடம் பக்கத்துக் கல்லூரி நல்லது. தமிழும் ஆங்கிலமும் கணக்கும் அங்கே கெட்டிப்படட்டும். எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு முதுகலைக்குப் பல்கலைக்கழகம் போகட்டும். இரண்டையும் அனுபவிக்கும் வழி இது; செலவும் குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரும் பிள்ளைக்கு அந்தப் பணம் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் நன்றாகவே கைகொடுக்கும்.

விடுதிச் செலவைக் கணக்குப் பார்க்கும்போது ஒரு வருடத்தோடு நிறுத்தாதீர்கள். கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். மூன்றாம் வருடத்தோடு வெளியேற நேர்ந்தால் இளங்கலைப் பட்டம் கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது நல்ல காரணத்துக்காக இருக்கட்டும். 'பொம்பளைப் பிள்ளை, தூரமா எதுக்கு?' என்பது காரணம் ஆகாது. மகள் கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்று கேட்டால், அவளைப் பரங்கிப்பேட்டைக்கு அனுப்ப வேண்டியது உங்கள் கடமை. மகனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம் என்று இந்த விஷயத்தில் வைக்காதீர்கள்.

விண்ணப்பத்தை இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே போட்டுவிடலாம். ஆனால் இடத்தைக் கைப்பேசியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வகுப்பு நடக்கும் நாளில் இரண்டு இடத்துக்கும் பிள்ளையோடு போங்கள். வாசலில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவரைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்கள். போன வாரம் எத்தனை வகுப்பு நடந்தது? ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் தன் கையால் செய்கிறார்களா, நாலு பேருக்கு ஒரு செட்டா? நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடுகிறார்களா? சந்தேகம் வந்தால் எந்த ஆசிரியரிடம் போவாய்? கடைசிக் கேள்விக்கு அந்தப் பிள்ளை யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னால், அந்தத் துறை உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம்.

கேட்டு முடித்த பிறகு, முடிவை உங்கள் பிள்ளையின் வாயிலிருந்து வரவிடுங்கள். படிக்கப் போவது அந்தப் பிள்ளைதான். இதைத்தான் படிக்கப் போகிறேன், இந்தக் காரணத்துக்காக இங்கே படிக்கப் போகிறேன் என்று தானாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, கடலூரில் படித்தாலும் சிதம்பரத்தில் படித்தாலும் படித்து மேலே வரும்.