கிராம சபையில் மக்கள் பெறும் இடம்

1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரையும் உறுப்பினராகக் கொண்ட பொது அவையைக் கிராம சபை என வரையறுத்தது. தமிழகத்தில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள், உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் இது கூடுவதால், முதியோர் உதவித்தொகைக்கு எந்த அலுவலகத்தை நாடுவதென்று தெரியாமல் அலையும் மூதாட்டியும், ஊராட்சியின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்க விரும்பும் இளைஞரும் ஒரே இடத்தில் விளக்கம் பெற வழி பிறக்கிறது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, அதாவது குறைவெண், 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 ஆகும். வருகைப் பதிவில் கையெழுத்திட்டவுடன் கலைந்துவிடும் வழக்கமே பெருங்குறை. எழுப்பிய கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே மக்கள் வீடு திரும்ப வேண்டும்.