14 மாசம் ஸ்கிராப்

உங்க ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கும். ஒரு காலத்துல அப்படி வேணும்னா தேய்ச்சு, பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும்.

1947-ல இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனியில சேர்ந்த இன்ஜினியர் அலஸ்டர் பில்கிங்டன். பேர் ஒண்ணுதான், முதலாளிகளுக்கு நெருங்கின சொந்தம் இல்லை. 1952-ல அவருக்கு ஒரு யோசனை: உருகின கண்ணாடியை உருகின வெள்ளீயத்து மேல மிதக்கவிட்டா, தானாவே சமமாகிடுமே?

சொல்ல ஈஸி. பெரிய பிளான்ட்ல 14 மாசம் வந்ததெல்லாம் விற்க முடியாத கண்ணாடி. ஆனாலும் கம்பெனி நிறுத்தலை. 1959-ல ஃப்ளோட் கண்ணாடியை உலகத்துக்கு அறிவிச்சாங்க. 1973-ல அவரே சேர்மன் ஆனார்.

நம்ம ரெண்டு வார ஸ்பிரின்ட்ல அந்த ஐடியா தப்பிச்சிருக்குமா? யோசிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.