மின்வண்டியின் பின்சக்கரம்

1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலம் முதல் இருந்துவரும் ஆணித் தொல்லைக்கு இன்றைய மின்சார இருசக்கர வண்டிகளும் விலக்கல்ல. இவற்றுள் பலவற்றில் மோட்டார், சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. 'ஹப் மோட்டார்' எனப்படும் இவ்வமைப்பில் மின்கம்பிகள் அச்சின் வழியே வெளிவருவதால், பின்சக்கரத்தைக் கழற்றுபவர் முதலில் மின் இணைப்பைப் பிரித்து, கம்பி முறுக்கிக்கொள்ளாதபடி அந்தக் கனத்த சக்கரத்தை இறக்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத பஞ்சர் கடைக்காரர் தயங்குவதில் வியப்பில்லை.

இத்தொல்லையைப் பெரிதும் குறைப்பது, தனி டியூப் இன்றி டயரே ரிம்மோடு இறுகப் பொருந்திக் காற்றைத் தாங்கும் டியூப்லெஸ் டயராகும். ஆணி தைத்தாலும் ரப்பர் அதைக் கவ்விக்கொள்வதால் காற்று பெரும்பாலும் மெல்லவே கசிகிறது. ஆணியைப் பிடுங்கி, துளையை அராவிச் சீராக்கி, பிசின் தோய்ந்த ரப்பர் திரியைச் செருகினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே துளை அடைபடும். தரையில் படும் பகுதிக்கே இம்முறை ஏற்றது. பக்கச்சுவர் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும்.

காற்று குறைந்த டயர் உருளும்போது மிகுதியாக நெளிந்து ஆற்றலை வீணாக்குவதால், ஒருமுறை மின்னேற்றியபின் வண்டி ஓடும் தூரமும் குறைகிறது. பெட்ரோல் பங்குக்குப் போகும் தேவையே இல்லாத மின்வண்டிக்காரருக்கோ, போன இடத்தில் அப்படியே காற்றும் பிடித்துக்கொள்ளும் பழைய வழக்கம் எளிதில் விட்டுப்போகிறது.