அங்காடி தரும் அறிமுகம்



ஓர் ஊரை அறிய விரும்புபவர் முதலில் எங்கே செல்ல வேண்டும்? கோயிலுக்கு என்பர் சிலர். நூல்நிலையத்திற்கு என்பர் வேறு சிலர். இரண்டும் தக்க இடங்களே. ஆயினும், அவ்வூர் மக்கள் இன்று வாழும் வாழ்வை அறிய வேண்டுமானால் அங்காடிக்குச் செல்வதே நேரிய வழி. அவர்கள் உண்பது யாது, கொண்டாடும் விழா யாது, எத்திசையிலிருந்து வந்து குடியேறினர் என்பவற்றை அங்குள்ள கூடைகளும் தட்டுகளுமே சொல்லிவிடும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மதுரையின் பகற்கடைத் தெருவை நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி கூறுகின்றது. புகார் நகரத்து நாளங்காடியைக் காட்டும் சிலப்பதிகாரம், அதனை ஒட்டியே இந்திர விழாவையும் காட்டுகின்றது. பல மொழி பேசும் அயல்நாட்டார் அந்நகரில் ஊராரோடு கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. வாணிகம், விழா, வேற்றார் நட்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தன என்பதற்கு இவை சான்று.

வெயிலும் மழையும் படாமல் ஒரே கூரையின்கீழ் பல கடைகளை அமைக்கும் முறை நம் நகரங்களில் பிற்காலத்தில் பரவியது. சென்னையில் நெருக்கடியும் துப்புரவுக் குறைவும் மிகுந்திருந்த பழைய பிராட்வே அங்காடிக்கு மாற்றாக, 1898இல் மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். 1900இல் அது திறக்கப்பெற்று, அவர் பெயராலேயே மூர் மார்க்கெட் என வழங்கிற்று. உணவுப் பொருள் விற்பதற்கென எழுந்த அவ்விடம், நாளடைவில் பழைய நூல்களுக்கும் கலைப்பொருள்களுக்கும் புகழ் பெற்றது. காய் வாங்கப் போனவர் கவிதை நூலோடு திரும்பியதும் உண்டு. 1985இல் நேர்ந்த தீ அதனை அழித்துவிட்டது. ஆயினும் அது கற்பித்த பாடம் அழியவில்லை. கூரை, குழாய்நீர், கழிவுநீர் வடிகால், நிலையான கடை ஆகியவை அமைந்த இடத்தில் வாங்குபவர் விரைந்து ஓடுவதில்லை, நிற்கின்றார், புதியதொன்றைக் காண்கின்றார், ‘இது என்ன?’ என்று வினவுகின்றார். அந்த வினாவே அறிமுகத்தின் தொடக்கம்.

புதிய உணவு என்றதும் முகம் சுளிப்பவர் உண்டு. அவர்கள் தம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். அதிலுள்ள மிளகாய் நம் நாட்டில் தோன்றியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அது, 1492இல் கொலம்பசு அங்குச் சென்ற பின்னரே உலகம் சுற்றத் தொடங்கி, போர்ச்சுகீசியர் கப்பல்கள் வழியே நம் கரை சேர்ந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் தந்தது மிளகு. மிளகு போல் உறைக்கும் காய் ஆதலின் ‘மிளகாய்’ என்று பெயரிட்டு அதனை நம்முடையதாக்கிக் கொண்டோம். இன்றும் பல இல்லங்களில் திவசச் சமையலுக்கு மிளகாயை விலக்கி மிளகையே சேர்ப்பது, அது பிற்பாடு வந்த விருந்தினன் என்பதை நினைவூட்டுகின்றது. உருளைக்கிழங்கும் தக்காளியும் நிலக்கடலையும் கொய்யாவும் அவ்வாறு வந்தவையே. பறங்கிக்காய் தன் வரலாற்றைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கின்றது. முன்னாளில் யாரோ ஒருவர் துணிந்து சுவைத்திராவிடின், இன்று நம் சாம்பாரும் இரசமும் இந்நிலையில் இரா.

இனி, இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வருவோம். இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையில் உள்ள இவ்வூரைத் தொழிற்பேட்டை மாற்றியமைத்தது. 1996இல் இந்தியாவில் நிறுவப்பெற்ற கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் இங்கு ஆலை அமைத்து, 1998இல் தன் முதல் காரை விற்பனைக்கு விடுத்தது. ஒரகடம் வரையில் ஆலைகள் பெருகின. கொரியர் வந்தனர், ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். மனிதர் வந்தால் அவர்தம் நாவும் உடன் வருமன்றோ! இவ்வட்டாரத்தில் கொரிய உணவகங்களும் தோன்றின.

கொரியரின் கிம்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்த கீரையை உப்பிட்டு, பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள் சேர்த்துப் புளிக்க வைப்பது அது. பனிக்காலத்திற்கென உறவினரும் அண்டை வீட்டாரும் கூடி அதனைத் தயாரிக்கும் வழக்கத்தை யுனெசுகோ 2013இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அதன் மணத்திற்கு மூக்கைப் பொத்துபவர், தம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பை எண்ணிப் பார்த்தல் நலம். அதற்குச் செந்நிறம் தரும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து கிழக்காசியாவை அடைந்ததே. ஒரே செடியின் கனி இரு திசையாகப் பயணம் செய்து, நம் ஊறுகாய்ச் சாடியிலும் அவர்கள் கிம்ச்சிச் சாடியிலும் புகுந்து, இன்று இருங்காட்டுக்கோட்டையில் எதிரெதிரே நிற்கின்றது! அவர்கள் எட்டாந் திங்களின் முழுநிலா நாளில் கொண்டாடும் அறுவடை விழாவிற்குச் சொங்பியோன் என்னும் பண்டம் செய்வர். அரிசிமாவினுள் எள்ளோ பயறோ இனிப்போடு வைத்து ஆவியில் வேகவைத்தது. நம் கொழுக்கட்டைக்கு அது சிற்றப்பன் மகன் போல் தோன்றவில்லையா?

ஒடிசாவினர் நீரில் ஊறிய சோற்றைப் பகாளா என்பர். நாம் பழையசோறு என்போம். அவர்கள் மார்ச்சு 20ஆம் நாளை அதற்கெனவே கொண்டாடுகின்றனர். அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து அவர்கள் பொரிக்கும் அரிசா பீட்டா, நம் அதிரசமே. தீபாவளி கழிந்த ஆறாம் நாளில் பீகாரினர் சத் பூசை நடத்தி, மறையும் கதிரவனையும் மறுநாள் உதிக்கும் கதிரவனையும் வணங்குவர். கோதுமை மாவும் வெல்லமும் சேர்ந்த தேக்குவாவும் கரும்பும் அதற்குரிய படையல். கரும்பு வைத்துக் கதிரவனுக்குப் பொங்கலிடும் நமக்கு அவ்விழா அயலாகுமா?

இவற்றை ஏன் விரித்துரைக்கின்றேன்? ஒருவருடைய ஊரையும் மொழியையும் கேட்டறியாமல், ‘வடக்கத்தியான்’ என்னும் ஒரு சொல்லால் அனைவரையும் குறிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. ஆலையில் அருகருகே நின்று உழைப்பவர், உண்ணும் வேளையில் தனித்தனிக் குழுவாகப் பிரிந்துவிடுகின்றனர். பள்ளியிலும், வேற்று மாநிலத்துச் சிறுவன் தன் உணவுப் பெட்டியை மறைத்து உண்ணும் நிலை நேருமாயின், அது நம் கல்விக்கே இழுக்கு. பிறர் உணவை இகழ்தல் அதனைச் சமைத்த அன்னையை இகழ்தலாகும்.

இதற்கு நல்லதொரு வழியைச் சிங்கப்பூர் காட்டியுள்ளது. தெருவோரங்களில் உணவு விற்றவர்களை 1970களில் அந்நாட்டு அரசு, நீரும் வடிகாலும் உள்ள கூரையிட்ட நிலையங்களில் படிப்படியாக அமர்த்திற்று. தமிழர் நன்கறிந்த தேக்கா நிலையத்தில் காய்கறி, மீன் கடைகளும் சமைத்த உணவுக் கடைகளும் ஒரே கட்டடத்தில் உள்ளன. இத்தகைய நிலையங்களில் கிடைக்கும் ‘மீ கோரெங்’ என்னும் பண்டத்தைப் பாருங்கள். சேமியா போன்ற அந்த மீ சீனருடையது, பெயர் மலாய், அதனைக் காரஞ்சேர்த்து வறுத்துப் புகழ் பெறச் செய்தவர்களோ தமிழ் முஸ்லிம்கள். சிங்கப்பூரின் இவ்வுணவு நிலையப் பண்பாட்டை 2020இல் யுனெசுகோ தன் பட்டியலில் சேர்த்தது. கலந்து உண்ண இடம் கிடைத்தால் கலந்து வாழவும் மனம் வரும் என்பதற்கு இது கண்கூடு.

ஆகவே, தொழிற்பேட்டைக்கு நிலமும் சாலையும் மின்சாரமும் திட்டமிடுவோர், அங்குள்ள மக்கள் கூடுவதற்கு நல்லதோர் உள்ளரங்க அங்காடியையும் திட்டமிடுதல் வேண்டும். அதில் பொங்கலுக்கு ஒரு நாள், சத் பூசைக்கு ஒரு நாள், கொரிய அறுவடை விழாவிற்கு ஒரு நாள் என நிகழ்ச்சிகள் அமையட்டும்.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. அடுத்த விடுமுறையில் அருகிலுள்ள அங்காடிக்கு ஒரு குறிப்பேட்டோடு செல்லுங்கள். அறியாத பண்டம் ஒன்றைத் தேர்ந்து, அதன் பெயர் யாது, சமைப்பது எவ்வாறு, எந்த நாளில் உண்பர் என்னும் மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள். தூய்மையாகச் செய்யப்பட்டிருந்து, உங்கள் உடலுக்கும் கொள்கைக்கும் ஒத்ததாயின் சிறிது சுவையுங்கள். ஒவ்வாதாயின் நன்றி கூறி விலகுங்கள். இகழ்ந்து மட்டும் பேசாதீர்கள். மூன்றாம் வினாவிற்கு விடை சொல்லும்போது அம்மனிதர் தம் ஊரைப் பற்றியும் தாயைப் பற்றியும் பேசத் தொடங்குவார். எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் அது. செவிமடுத்துக் கேளுங்கள்.