இலங்கையின் புதிய அரசியல் சட்டமும் இடதுசாரிகளின் பொறுப்பும்

(கோலார் தங்கவயலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தங்கவயலில் ‘லைன்’ என்று சொன்னால் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. இலங்கை மலையகத்தில் அதே வரிசை வீட்டை ‘லயன்’ என்கிறார்கள். ஜான் டெய்லர் நிறுவனம் 1880களில் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற மக்கள் வந்து குவிந்தனர். அவர்களைத் துரத்திய அதே பஞ்சமும் சாதிக் கொடுமையும் வேறு பல்லாயிரம் குடும்பங்களைக் கண்டிச் சீமைக்குக் கப்பலேற்றின. ஒரு சாரார் பூமிக்குள் இறங்கினர். மறு சாரார் மலையேறினர்.

சுதந்திரத்துக்குப் பின் இவ்விரு சாராரின் வரலாறு பிரிகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் தங்கவயல் தொழிலாளி வாக்களித்தான். 1952 மே மாதம் இலங்கையில் நடந்த பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரசின் சார்பில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் இவர்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வாக்களித்தவர்களும் இவர்களே. அந்த வர்க்க ஒற்றுமையைக் கண்டு அஞ்சிய ஐக்கிய தேசியக் கட்சி அரசு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 லட்சம் மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிக்கப்பட்டது.

அன்று இலங்கையில் நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு, எந்த இனத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றலாகாது என்று தடை விதித்திருந்தது. அந்தப் பிரிவு இருந்தும் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் பயனில்லை. காகிதத்தில் எழுதப்படும் காப்புறுதியின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

2009 மே மாதம் போர் முடிவுற்றது. அதன் பின் இலங்கைக்குப் புதிய அரசியல் சட்டம் வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. 2016இல் நாடாளுமன்றமே அரசியல் அமைப்பு அவையாக மாற்றப்பட்டது. 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கையும் வந்தது. அரசின் தன்மையைக் குறிக்கச் சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’ என்றும் தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றும் அதில் எழுதினார்கள். தெற்கில் அது ஒற்றையாட்சி என்று விளக்கப்பட்டது; வடக்கில் அது ஒற்றையாட்சி அல்ல என்று விளக்கப்பட்டது. இரு மொழியில் இரு பொருள் தரும் சொல்லின் மீது அரசை எழுப்ப முடியுமா? அந்த முயற்சி அறிக்கையோடு நின்றது.

இதற்கிடையே, ஏற்கெனவே இருக்கும் சட்டத்தின் கதி என்ன? 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. மாகாண சபைகள் தோன்றின. காணி, காவல் அதிகாரங்கள் பட்டியலில் எழுதப்பட்டன. நடைமுறையில் கொழும்பை விட்டு நகரவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர், தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரின் தலைக்கு மேல் அமர்ந்திருக்கிறார். ஆளுநர் மாளிகைகளோடு மல்லுக்கட்டும் இந்திய மாநிலங்களின் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று.

வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில்தான் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. பின்னர் நாட்டின் எந்த மாகாணத்திலும் தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை. அதை முன்வைத்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார்! பழைய முறை ஒழிந்தது, புதிய முறை பிறக்கவில்லை. ஒன்பது மாகாணங்களையும் ஆளுநர்கள் நிர்வகிக்கிறார்கள்.

அதிகாரப் பகிர்வு என்றால் யாழ்ப்பாணமும் கொழும்பும் மட்டும் பேசித் தீர்க்கும் பிரச்சினை என்ற எண்ணம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும் அந்த மண்ணுக்கு உரியவர்களே. மலையக மக்களின் நிலையோ இன்னும் விசித்திரமானது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க லயனில் வாழ்பவருக்கு வாக்கு உண்டு; அந்த உறுப்பினர் லயனுக்குச் சாலை போட வழியில்லை. 2018இல்தான் இச்சட்டம் திருத்தப்பட்டது. வாழும் வீட்டின் கீழுள்ள நிலம் பெரும்பாலோருக்கு இன்றும் சொந்தமில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின் லைன் வீடுகளின் உரிமைக்காகப் போராடிய இவ்வூருக்கு இதன் பொருள் நன்கு புரியும்.

இங்கே இடதுசாரிகளின் பாத்திரத்தையும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். 1948 சட்டத்தை லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் எதிர்த்தன. 1956இல் சிங்களம் மட்டும் என்ற மசோதா வந்தபோது, ஒரு மொழி என்றால் இரு நாடு, இரு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஆனால் 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அந்த மக்களின் கருத்தைக் கேளாமலே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டபோது, கொழும்பு அரசில் சமசமாஜக் கட்சி அங்கம் வகித்தது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு அரசியல் சட்டத்தை வடித்த அமைச்சர் அதே கொல்வின். அச்சட்டம் ஒற்றையாட்சியை அறிவித்தது, சிங்களத்தை ஆட்சி மொழியாக்கியது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது, 29ஆம் பிரிவைக் கைவிட்டது. கூட்டணி ஆட்சியின் நிர்ப்பந்தம் என்று இதற்குச் சமாதானம் சொல்வோர் உண்டு. பேரினவாதத்துக்குக் கொடுத்த அந்த விலையை அடுத்த நாற்பதாண்டுகள் உழைக்கும் மக்கள் செலுத்தினர் என்பதே உண்மை.

ஜனதா விமுக்தி பெரமுன அந்தப் பழைய கட்சிகளைத் திரிபுவாதிகள் என்று சாடி எழுந்தது. ஆனால் அதன் தொடக்ககால வகுப்புகளில் தோட்டத் தொழிலாளர் இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகவே சித்திரிக்கப்பட்டனர். 13ஆவது திருத்தத்தை அது ஆயுதமேந்தி எதிர்த்தது. வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குத் தொடுத்து 2006இல் வென்றது. இன்று அக்கட்சியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி ஆள்கிறது. 2024 நவம்பர் தேர்தலில் 225 இடங்களில் 159 அதற்குக் கிடைத்தன. யாழ்ப்பாண மாவட்டத்திலும் நுவரெலியா மாவட்டத்திலும் அதுவே முதலிடம் பெற்றது. பொருளாதார நெருக்கடியில் வெந்த மக்கள், இன வேலியைத் தாண்டி வாக்களித்தனர். 2015இல் தொடங்கிய அரசியல் சட்டப் பணியை முடிப்பதாக அது வாக்குறுதியும் அளித்துள்ளது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான பலம் இருக்கையில், 1972இல் சொல்லப்பட்ட கூட்டணி நிர்ப்பந்தம் என்ற சமாதானம் இந்த அரசுக்கு இல்லை.

இந்தியாவை முன்மாதிரியாகக் காட்டுவதிலும் நிதானம் தேவை. 1956இல் மாநிலங்களை மொழிவழி சீரமைத்ததால் நாடு உடையவில்லை. கன்னட மாநிலத்தில் தமிழ் பேசும் தொழிலாளர் வாழும் தங்கவயலே அதற்குச் சாட்சி. ஆனால் 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் என்ற மாநிலம், அதன் சட்டமன்றம் இல்லாத வேளையில், இரு யூனியன் பிரதேசங்களாகத் துண்டாடப்பட்டது. அதைச் செய்த ஒன்றிய அரசு கொழும்புக்கு அதிகாரப் பகிர்வைப் போதிக்கும்போது கேட்பவர் நகைக்கவே செய்வர்.

சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே திரும்பியோரில் ஒரு பகுதியினர் இதே கர்நாடகத்தில், தென் கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில், அரசு ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் பால் வெட்டுகிறார்கள். உறவினர்கள் ஹட்டனில் கொழுந்து பறிக்கிறார்கள். 2025 மே மாதம் இலங்கையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்தது. மாகாண சபைத் தேர்தலைப் பழைய முறையிலேயே நடத்த ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். அதற்குப் புதிய அரசியல் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் திருத்தத்தை உடனே கொண்டுவாருங்கள் என்று கொழும்பிலுள்ள தோழர்களிடம் வெளிப்படையாகக் கோரும் தீர்மானம் இக்கூட்டத்தின் முன் வைக்கப்படுகிறது.